காசு கொடுக்க ஆளில்லாத வீடு

வாயிலில் மோட்டார் சைக்கிளொன்று வந்து நிற்கின்றது. பொதியைக் கையில் ஏந்திய இளைஞர், "பணம் தந்து பெற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். பெற்றோர் கந்தோரில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டிலிருப்பவர் ஆச்சி ஒருவரே. பொருளைக் கேட்டவர் யார், அதன் விலை யாது என்பது அவருக்குத் தெரியாது. நம் நாட்டு இல்லங்கள் பலவற்றில் இக்காட்சி இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது.

நமது இல்லத்தில் நிகழ்ந்ததை வாசகர்களுக்கு மறைக்காமற் கூறிவிடுகிறோம். உயர்தர வகுப்பிற் படிக்கும் மகளுக்காகக் கணித நூலொன்றைத் தருவித்தோம். விலை 3,200 ரூபா. பொதி வந்த இரு தடவையும் காசு கொடுக்க ஆளில்லை. அது திரும்பிப் போயிற்று. ஆகவே ஓர் உபாயம் செய்தோம். பணத்தைக் கடிதவுறையிலிட்டுச் சுவர்க் கடிகாரத்தின் பின்னே வைத்து, "ஆராவது பொதி கொண்டு வந்தால் இதைக் குடுத்துவிடுங்கோ, ஆச்சி" என்று சொல்லிச் சென்றோம்.

மறுநாள் ஒரு பொதி வந்தது. கேட்ட தொகை 2,900 ரூபா. ஆச்சி கொடுத்தார். கொண்டுவந்தவரும் மிச்சம் 300 ரூபாவை ஒழுங்காகக் கொடுத்துச் சென்றார். மாலையிற் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது நாம் ஒருபோதும் கேட்டிராத மலிவான பிளாஸ்டிக் விளக்கு! உண்மையான நூல் அதற்கடுத்த நாள் வந்து, காசில்லாமையால் மூன்றாம் முறையும் திரும்பிற்று. "எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுது, பிள்ளையள். இனி என்னட்டைக் காசு தராதையுங்கோ" என்று ஆச்சி கண் கலங்கினார்.

ஆச்சியின் மீது குற்றமில்லை. எந்தப் பொதி, யார் பெயருக்கு, எவ்வளவு தொகை என்ற மூன்றில் ஒன்றையேனும் நாம் அவருக்குச் சொல்லவில்லை. "வந்தாற் கொடு" என்ற ஒரேயொரு கட்டளையை இட்டு, கண்ணும் அறிவுமுள்ள ஒருவரை இயந்திரமாக்கிவிட்டோம். உண்மையான இயந்திரங்களிடமே இவ்வேலையை ஒப்படைக்கும் காலம் இது. ஆகவே நமது பிழையை அவற்றுக்கும் கற்பித்துவிடலாகாது என்பதே நாம் இன்று சொல்ல விரும்புவது.

பொருள் கையிற் சேரும்போது காசு கொடுக்கும் வழக்கம் புதியதன்று. நம் பெரியோர் வி. பி. பி. என்று அழைத்த முறை இந்தியத் தபாற் பகுதியில் 1877 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. அமெரிக்காவில் 1913 ஆம் ஆண்டு ஜூலை மாதம் தபாற் பொதிகளுக்கு இம்முறை வந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் அறியார். பணத்தை முன்னே அனுப்ப வாங்குபவருக்கு அச்சம். பொருளை முன்னே அனுப்ப விற்பவருக்கு அச்சம். இருவருக்கும் நடுவே தபாற் பகுதி நின்று, பொருளும் பணமும் ஒரே வேளையிற் கைமாறச் செய்தது. வாங்குபவர் வீட்டிலில்லையெனில், அறிவித்தல் கொடுத்துவிட்டுப் பொதியைச் சில தினங்கள் தபாற் கந்தோரில் வைத்திருந்தது. காத்திருந்தது பொதியேயன்றி, கேட்பாரற்ற பணமன்று.

இன்றைய வசதிகள் பல. இலங்கை மத்திய வங்கி 2018 ஆம் ஆண்டில் கியூ.ஆர். குறியீட்டுக் கொடுப்பனவுகளுக்குத் தேசிய நியமமொன்றை வகுத்தது. வங்கிக் கணக்கிலிருந்து கைத்தொலைபேசி மூலம் நொடியிற் பணம் அனுப்பலாம். ஆயினும், பரீட்சை மண்டபத்திலிருக்கும் மாணவியோ, சத்திர சிகிச்சைக் கூடத்திலிருக்கும் தாதியோ அவ்வேளையில் தொலைபேசியை எடுக்க இயலுமா? ஆதலின், பணம் தானாகவே செல்லும் ஏற்பாட்டைப் பலரும் விரும்புவதில் வியப்பில்லை.

அவ்வேற்பாடு எவ்வாறிருத்தல் வேண்டும்? இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்த முறையொன்று நல்ல வழியைக் காட்டுகின்றது. வாங்குபவர் குறித்த தொகையைத் தம் கணக்கிலேயே ஒதுக்கி வைக்கலாம். அதை வேறெதற்கும் எடுக்க முடியாது. ஆயினும் பொருள் வந்து சேரும்வரை அது வாங்குபவரின் கணக்கிலேயே இருக்கும். விற்பவருக்குப் பணம் உண்டென்ற உறுதி. வாங்குபவருக்குப் பணம் போய்விடவில்லையென்ற உறுதி. பழைய தபாற் பகுதி செய்த நடுநிலைப் பணியும் இதுதானே!

இங்கும் ஒரு கண் வேண்டும். பொதி வந்ததென்று சொல்பவர் கொண்டுவந்தவர் மாத்திரமாக இருத்தலாகாது. பெறுபவரின் கையிலுள்ள இரகசிய இலக்கத்தைச் சொன்ன பின்னரே பணம் விடுபடல் வேண்டும். அவ்விலக்கத்தையும் பொதியைக் கண்ணாற் காணாமுன் எவருக்கும் கூறலாகாது. "பொதி தடைப்பட்டுள்ளது, சிறு தொகை செலுத்துக" என்று தபாற் பகுதியின் பெயரால் வரும் பொய்க் குறுஞ்செய்திகளை நம்பி வங்கி அட்டையின் விபரங்களைக் கொடுத்தலும் ஆகாது. பிரித்துப் பார்த்த பின் காசு வாங்கப் பல நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை. ஆகையால், மேலேயுள்ள பெயரையும் கட்டளை இலக்கத்தையும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வீட்டாருக்குள்ள காப்பு.

நாளை இத்தகைய ஏற்பாடுகளை ஆக்கப்போகும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. பணம் கொடுக்கும் வேலையை இயந்திரத்திடம் விடலாம். எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் வேலை நம்முடையது.

நமது வீட்டுக் கடிகாரத்தின் அருகே இப்பொழுது ஒரு தாள் தொங்குகிறது. வரவிருக்கும் பொதியின் பெயர், இலக்கம், தொகை மூன்றையும் மகள் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். சென்ற வாரம் வேறொரு பொதி வந்தது. ஆச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளையும் பொதியையும் இருமுறை பார்த்து, "இது எங்கடை இல்லைத் தம்பி, கொண்டு போங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று மாலை நாம் வீடு திரும்பியதும் அவர் முதலிற் சொன்ன செய்தி அதுதான்.