தோற்றவருக்கும் காரணம் தெரிய வேண்டும்

அமெரிக்க மத்திய அரசுக்குச் சேவை வழங்கும் சிறு நிறுவனங்களின் சார்பில், பல்நிறுவன ஒப்பந்தங்கள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது.

ஒரே ஒப்பந்தத்தில் பல நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, வேலை வரும்போதெல்லாம் அவர்களுக்குள் போட்டி வைத்துப் பணி ஆணை வழங்கும் முறை, 1994-ஆம் ஆண்டின் கொள்முதல் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பரவலானது. நாங்கள் இந்த முறையை எதிர்க்கவில்லை. ஒரே நிறுவனம் ஆண்டுக்கணக்கில் எல்லா வேலையையும் எடுத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒப்பந்தம் கிடைத்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைப்பதில்லை. கடற்படையின் சீபோர்ட் ஒப்பந்தத்தின் புதிய பதிப்பில் 1,800-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இடம்பெற்றன. ஓயாசிஸ் என்ற இன்னொரு பல்நிறுவன ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனத்துக்கு அரசு உறுதியளித்த குறைந்தபட்சத் தொகை, மொத்தக் காலத்துக்கும் சேர்த்து, 2,500 டாலர். ஒரு பணி ஆணைக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும் செலவுக்கே அது காணாது. பொறியாளர்களின் தகுதி விவரங்களைத் திரட்ட வேண்டும். மணிநேரக் கட்டணங்களைக் கணக்கிட வேண்டும். முன்பு முடித்த வேலைகளுக்குச் சான்று சேர்க்க வேண்டும். சிறு நிறுவனத்தில் பெரும்பாலும் உரிமையாளரே இரவில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்கிறார்.

இவ்வளவும் செய்து தோற்றவருக்கு, ‘உங்கள் ஒப்பந்தப்புள்ளி தேர்வாகவில்லை’ என்ற ஒரு வரி மின்னஞ்சலே பல நேரங்களில் வருகிறது. 50 லட்சம் டாலரைத் தாண்டும் ஆணைகளில் தோற்றவருக்கு விளக்கம் தர வேண்டும் என்று 2008-இல் சட்டம் வந்தது. அந்த வரம்பும் பின்னர் உயர்த்தப்பட்டது. எங்கள் உறுப்பினர்கள் போட்டியிடும் ஆணைகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழேதான். விலையில் தோற்றோமா, தொழில்நுட்பத்திலா என்றே தெரியாமல் அடுத்த போட்டிக்குத் தயாராவது எப்படி?

எனவே, போட்டி வைத்து வழங்கப்படும் ஒவ்வோர் ஆணையிலும், வென்றவரின் மொத்த விலை, எங்கள் ஒப்பந்தப்புள்ளிக்குக் கிடைத்த மதிப்பீடு, அதில் கண்ட முக்கியக் குறைகள் ஆகிய மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்று கோருகிறோம். அதிகாரிகளுக்கு வேலைப்பளு கூடும் என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஆணையை யாருக்கு, ஏன், என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பதைக் கோப்பில் பதிவுசெய்வது ஏற்கெனவே அவர்களின் கடமை.

ஆணை வழங்கியதை எதிர்த்து முறையீடு செய்வதற்கான தொகை வரம்பைக் குறைக்குமாறு நாங்கள் கேட்கவில்லை. குடிமைத் துறைகளில் அந்த வரம்பு 1 கோடி டாலர். அது அப்படியே இருக்கட்டும். சிறிய ஆணைகள் ஒவ்வொன்றும் வழக்கில் சிக்கினால் வேலை தாமதப்படும். அந்த இழப்பைத் தாங்கும் வலு எங்களுக்கே இல்லை.