ஒரு லட்சம் கேட்ட குரல்!



சாரம் பக்கம் போகும்போது அவ்வைத் திடலை எத்தனை தடவை கடந்திருப்பீங்க? பைக்கில் பறக்கிற அவசரத்தில் பேரைக்கூட கவனிச்சிருக்க மாட்டீங்க. இப்போ ஒரு நிமிஷம் கண்ணை மூடி 'அவ்வை'னு சொல்லிப் பாருங்க. என்ன முகம் வருது? நெற்றி நிறைய விபூதி, வெள்ளைப் புடவை, கையில் ஒரு கோல். வாயைத் திறந்தால் கோபுர உச்சிக்குப் போய் நிற்கிற ஒரு குரல். கரெக்டா?

நிஜ அவ்வையை யாரும் போட்டோ பிடிச்சு வைக்கலை. நம்ம மனசில் இருக்கிறது 1953-ல் ஜெமினி ஸ்டுடியோ எடுத்த 'ஔவையார்' படத்தில் நடித்த கே.பி.சுந்தராம்பாளின் முகம். 'பழம் நீயப்பா' பாட்டுக்காரம்மா என்றால் சட்டென்று புரியும். இந்த வாரம் அவங்களைப் பத்திதான். 'ஐயோ, பக்திப் படப் பாட்டியா?'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். தமிழ்நாட்டில் ஒரு கலைஞர் தன் திறமைக்குத் தானே விலை சொன்ன கதை இது. அதுவும் 1935-ல், ஒரு பெண்!

மைக் கிடையாது... தெரியுமா?

மேல்நாட்டு ஓபராவில் 'சோப்ரானோ'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. பெண் குரல்களிலேயே உச்சத்தில் பாடுகிற குரல். மேடைக்கு முன்னால் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா வாசிச்சுக்கிட்டிருக்கும். மைக் கிடையாது. அத்தனை வயலினையும் ட்ரம்பெட்டையும் தாண்டி, கடைசி வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவர் காதுக்கு அந்த ஒற்றைக் குரல் போய்ச் சேரணும். அங்கே 'ஹை சி' என்று கொண்டாடுகிற அந்த உச்ச ஸ்வரம் கிட்டத்தட்ட 1,046 ஹெர்ட்ஸ். நம்ம காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசைகளுக்குத்தான் அதிகமாகக் கூர்மை காட்டும். பழகிய குரலில் அந்தப் பக்கத்து ஒலி தெளிவாக நிற்பதால், அது கூட்டத்திலும் தனியாகக் கேட்கும். கைக்குழந்தை அழுதால் தெருவுக்கே கேட்குதே, அதே சங்கதிதான்.

நம்ம ஊரில் ஓபரா ஏதுன்னு கேட்கிறீங்களா? இருந்துச்சே! நூறு வருஷத்துக்கு முன்னால் அதுதான் இங்கே சூப்பர் ஹிட். பேர், இசை நாடகம். பாட்டிலேயே காதல், பாட்டிலேயே சண்டை, பாட்டிலேயே ஒப்பாரி. ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். மைக் வருவதற்கு முந்தைய காலம். திறந்த வெளியில் ஊரே திரண்டிருக்கும். ஆர்மோனியத்தில் எத்தனை கட்டை சுருதியில் பாடுகிறார் என்பதை வைத்துத்தான் ஒரு நடிகரின் ரேட்டே! சுருதி ஏற ஏற மவுசு. ஆண் நடிகர்களே பெண்கள் பாடும் சுருதிக்குப் போய்ப் பாடுவார்கள்.

இதில் 'ஸ்பெஷல் நாடகம்'னு ஒரு வகை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பே. ஆனாலும் நாடகம் பிசிறில்லாமல் போகும். காரணம், எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த ஒரே ஆளின் எழுத்து. அவர், சங்கரதாஸ் சுவாமிகள். 'வள்ளி திருமணம்' மாதிரி பல நாடகங்களை எழுதியவர். தூத்துக்குடிச் சீமையில் பிறந்த அவர், 1922 நவம்பரில் காலமானது நம்ம புதுச்சேரியில். சமாதி இருப்பது கருவடிக்குப்பத்தில். சாரத்தில் இருந்து எட்டிப் பார்க்கிற தூரம்! புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க.

அந்த மேடையில் இருந்து வந்தவர்தான் சுந்தராம்பாள்.

ரயில் பெட்டியில் ஒரு பாட்டு

1908-ல் காவிரிக்கரை ஊரான கொடுமுடியில் பிறந்தார். வீட்டில் வறுமைன்னா அப்படி ஒரு வறுமை. அம்மா பாலாம்பாள்தான் பிள்ளைகளை இழுத்துப் பிடித்து வளர்த்தார். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி என்றுதான் அவருடைய வாழ்க்கைக் கதையை எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ரயில்வே அதிகாரியாகவும் நாடகப் பிரியராகவும் இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர் அந்தக் குரலைக் கேட்டு நாடகத்துக்கு வழி காட்டினார் என்பதும் அந்தக் கதையில் வரும். முதல் வேஷம் 'நல்லதங்காள்' நாடகத்தில், பசியால் துடிக்கும் பிள்ளையாக. அந்தப் பாட்டைக் கேட்டு ஜனங்கள் அழுதார்களாம். பசியைப் பாட அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

கொஞ்ச வருஷத்திலேயே ஸ்திரீபார்ட், ராஜபார்ட் இரண்டிலும் பேர் வாங்கியாச்சு. இலங்கையில் இருந்தும் அழைப்பு. அங்கே கொழும்பில் 1926-ல் எதிரே வந்து நின்றார் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. அன்றைய நாடக உலகின் சூப்பர் ஸ்டார். 'அவரோட ஜோடி சேர்ந்து பாடினா நீ காணாமப் போயிடுவே'ன்னு பயமுறுத்தியவர்களும் உண்டாம். நடந்தது வேற. இரண்டு குரலும் சேர்ந்ததும் டிக்கெட் பறந்தது. 1927-ல் கல்யாணம்.

சினிமா மாதிரி இங்கேயே 'சுபம்' போட முடியலை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிறந்த குழந்தை தங்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயசு. சுந்தராம்பாளுக்கு 25. உங்களில் பி.ஜி. படிக்கிறவங்க வயசு!

அன்றைக்கு உடுத்திய வெள்ளைப் புடவையை 1980-ல் சாகும்வரை, 47 வருஷம், அவர் மாற்றவே இல்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். இதைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் 'பதிபக்தி'ன்னு கைதட்டிட்டுப் போயிடறாங்க. எனக்கு அங்கே கொஞ்சம் உறுத்துது. அன்றைய சமூகம் ஒரு விதவைக்குக் கொடுத்த உடை அது. கலர் புடவை கட்டியிருந்தால் எத்தனை வாய் பேசியிருக்கும்? ஆனால் அதே சமூகம் ஒரு விதவைக்குக் கொடுத்த மூலையில் அவர் போய் உட்காரலை. அதே வெள்ளைப் புடவையோடு வெளியே வந்து வேலை பார்த்தார்.

'ஒரு லட்சம் கொடுங்க!'

கொடுமுடியில் ஒதுங்கி இருந்தவரைத் தேடி சினிமாக்காரர்கள் வந்தார்கள். 'நந்தனார்' படம். நடிக்க விருப்பமில்லை. ஆளை அனுப்பிவிட ஒரு வழி வேணுமே... 'ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தா நடிக்கிறேன்' என்றார். பேசும் படம் தமிழுக்கு வந்தே நாலு வருஷம்தான் ஆகியிருந்த நேரம். லட்சம் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத தொகை. வந்தவர்கள் 'சரி'ன்னுட்டாங்க! இந்தியாவிலேயே ஒரு லட்சம் சம்பளம் வாங்கிய முதல் நடிகர் இவர்தான் என்று சினிமா வரலாற்றில் சொல்வார்கள். வேஷம் என்ன தெரியுமா? ஹீரோயின் இல்லை, நந்தனாரே! ஆண் வேஷம். ஆணோடு ஜோடி சேர மாட்டேன் என்ற நிபந்தனையும் பத்திரம். வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர்.

1935-ல் படம் வந்தது. ஊத்திக்கிச்சு! விமர்சகர்கள் விளாசித் தள்ளினார்கள். 'இவ்வளவு பணம் வாங்கி இதுதானா?' என்ற பேச்சு. இன்னிக்கு இருந்தால் மீம் போட்டே கொன்றிருப்பாங்க. அவர் மூலையில் உட்காரலை. அடுத்து 'மணிமேகலை' (1940). அதற்கும் 13 வருஷம் கழித்துத்தான் 'ஔவையார்'. அதுதான் மலையளவு வெற்றி. கணக்குப் போடுங்க: முதல் படத்துக்கும் பெரிய வெற்றிக்கும் நடுவில் 18 வருஷம்!

நடுவில் சும்மா இருந்தாரா? தீரர் சத்தியமூர்த்தி அழைக்க, காங்கிரஸ் மேடைகளில் சுதந்திரத்துக்காகப் பாடினார். கதர் கட்டினார். 1951-ல் சென்னை மாநில சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாவில் இருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆள் இந்தியாவிலேயே இவர்தான் என்பார்கள். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா எல்லாம் பிறகு நடந்த அந்தப் பாதையில் முதல் காலடி ரயிலில் பாடிய ஒரு சிறுமியுடையது.

கடல் கடந்து ஒருத்தர்

இதே சங்கதி அமெரிக்காவிலும் நடந்திருக்கு. லியோன்டைன் பிரைஸ். 1927-ல் மிசிசிப்பியில் லாரல் என்ற ஊரில் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா மரம் அறுக்கும் மில்லில் தொழிலாளி, அம்மா பிரசவம் பார்க்கிறவர். சோப்ரானோ குரல். 1955-ல் டி.வி. ஓபராவில் அவர் பாடியபோது, தென் மாநில ஸ்டேஷன்கள் சில அதை ஒளிபரப்பவே மறுத்தன.

நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் இருந்து அவருக்கு முதலில் வந்த அழைப்பு 'ஐடா' வேஷத்துக்கு. ஐடா, ஓர் அடிமைப் பெண். ஒரு கறுப்பினப் பெண் அந்த மேடையில் முதல் தடவை கால் வைப்பது அடிமை வேஷத்திலா? வேண்டாம் என்று விட்டுவிட்டார். எந்தப் பாடகியும் தவம் கிடக்கிற மேடை! பிறகு 1961 ஜனவரி 27-ம் தேதி 'இல் த்ரோவத்தோரே' ஓபராவில் பிரபு குலப் பெண்ணாக வந்து நின்றார். முடிந்ததும் கைதட்டல் 42 நிமிஷம் ஓயலை. அந்த 'ஐடா'வையும் பிறகு பாடினார், தன் பெயருக்காகவே ஜனம் வருகிற காலத்தில். 1985-ல் ஓபராவில் இருந்து விடைபெற்றதும் அதே வேஷத்தில்தான்.

ஒருத்தர் கொடுமுடி, ஒருத்தர் லாரல். கேள்வி ஒண்ணுதான்: 'என் குரல் என்னுடையது. அதை எந்தக் கண்டிஷனில் கொடுக்கணும்னு யார் முடிவு பண்றது?'

வரியை மாத்துங்க!

சுந்தராம்பாள் கடைசிவரை அதை விட்டுக்கொடுக்கலை. 1964-ல் கலைஞர் கருணாநிதி வசனத்தில் 'பூம்புகார்'. கவுந்தி அடிகள் வேஷம். அவரோ நாத்திகர், இவரோ பழுத்த முருக பக்தை. பாட்டில் தெய்வத்தையே கேள்வி கேட்கிற மாதிரி ஒரு வரி வந்ததாம். 'இதை நான் பாட மாட்டேன்' என்றார். கடைசியில் அந்த வரி தெய்வத்துக்குச் சாதகமாக மாறியது என்று சினிமா உலகில் ரசித்துச் சொல்வார்கள். கொள்கையில் எதிரும் புதிருமான இரண்டு பேர். ஆனாலும் ஒரு பாடகியின் மனசாட்சிக்கு அங்கே மரியாதை இருந்தது.

1965-ல் 'திருவிளையாடல்'. திரும்பவும் அவ்வை. 'துணைவன்' படத்துக்காக தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ, சொந்த ஊரில் ஒரு தியேட்டர்... எல்லாம் வந்தது. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்'. நம்ம காரைக்கால் அம்மையாரேதான்! 65 வயசை நெருங்கிய நேரத்தில் அந்தப் படத்தில் அவர் பாடியதை ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்க. மூச்சு எங்கே எடுத்தார்னு தேடுவீங்க.

இப்போ உங்க டர்ன்

உங்க டிபார்ட்மென்டில் ஒரு பொண்ணு இருப்பா. எந்த ஃபங்ஷன்னாலும் 'ப்ரேயர் சாங் நீதான்' என்பார்கள். பாடி முடிச்சதும் ஒரு பிளாஸ்டிக் ஷீல்டு. ஒரு பையன் இருப்பான். கல்ச்சுரல்ஸ் போஸ்டர் எல்லாம் ராத்திரி முழுக்க முழிச்சு அவன்தான் டிசைன் பண்ணுவான். பேர் வேற யாருக்கோ போகும். 'ஃப்ரெண்டுதானே, செஞ்சு கொடு' என்கிற ஒரு வார்த்தையில் எத்தனை திறமை சும்மாவே கரைஞ்சு போகுது! வீட்டில் வேற, 'கல்யாணத்துக்கு அப்புறம் பாட்டு எதுக்கு?' என்ற டயலாக் ரெடியா இருக்கும்.

அதுக்காக நாளைக்கே செகரெட்டரிகிட்ட போய் ஒரு லட்சம் கேட்காதீங்க! சுந்தராம்பாள் லட்சம் கேட்டபோது பின்னால் விடிய விடிய பாடிய பல வருஷ மேடை இருந்தது. அவரை விட்டால் வேற ஆள் இல்லைங்கிற நிலைமையை முதலில் உருவாக்கினார். அப்புறம்தான் விலை சொன்னார். 'முடியாது' என்பதையும் சொன்னார். உழைக்காமல் சொல்கிற 'முடியாது'வை யாரும் கண்டுக்க மாட்டாங்க. உழைச்சும் அதைச் சொல்லத் தெரியலைன்னா கடைசிவரை பிளாஸ்டிக் ஷீல்டுதான்.

ஒரு சின்ன சவால். அடுத்த கல்ச்சுரல்ஸில் அஞ்சு நிமிஷம் மைக்கை ஆஃப் பண்ணிட்டு யாரையாவது பாடச் சொல்லுங்க. கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்குதா பாருங்க. கேட்டுச்சுன்னா, பாடினவங்க கையில் ஷீல்டு கொடுக்கிறதுக்கு முன்னால் 'உனக்கு என்ன வேணும்?'னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்களை யாரும் இதுவரைக்கும் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டாங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். டாட்டா!