அதிபராகத் தகுதி: எழுதாமல் விட்ட வரையறை

அமெரிக்க அதிபர் ‘பிறப்பால் குடிமகனாக’ இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 2-வது கூறு. 35 வயது, 14 ஆண்டு வசிப்பு என்ற மற்ற இரண்டு தகுதிகளையும் எண்ணிப் பார்த்துவிடலாம். பிறப்பால் குடிமகன் யார் என்பதை அரசமைப்பு எங்குமே சொல்லவில்லை. அதிபர் தகுதி வழக்கு எதிலும் உச்ச நீதிமன்றமும் அதற்குப் பொருள் கூறியதில்லை.

1787 ஜூலையில் அரசியல் தலைவர் ஜான் ஜே, அரசமைப்பு மாநாட்டுக்குத் தலைமை வகித்த வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். அதிபர் வகிக்கும் படைத் தலைமை பிறப்பால் குடிமகன் அல்லாத எவரிடமும் போகக் கூடாது என்பது அவர் யோசனை. பதிவான விவாதம் எதுவும் இல்லாமலே அது விதியாகிவிட்டது. அரசமைப்பில் கையெழுத்திட்ட 39 பேரில் 7 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அலெக்சாண்டர் ஹாமில்டன் கரீபியத் தீவான நெவிசில் பிறந்தவர், ஜேம்ஸ் வில்சன் ஸ்காட்லாந்துக்காரர், ராபர்ட் மோரிஸ் இங்கிலாந்துக்காரர். மற்ற நால்வரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு! அரசமைப்பு ஏற்கப்படும்போது குடிமக்களாக இருப்பவர்களுக்கு விலக்கு என்று எழுதி, அவர்கள் தங்களுக்கு வழியை வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களுக்குத்தான் கதவு அடைபட்டது. பிரதிநிதிகள் சபைக்கு 7 ஆண்டு, செனட்டுக்கு 9 ஆண்டு குடியுரிமை போதும் என்று விதித்ததும் இதே கைகள்தான்.

வரையறை இல்லாத இடத்தைச் சந்தேகம் நிரப்பியது. பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்த அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெயினுக்காக 2008-ல் செனட் தீர்மானமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. கனடாவில் பிறந்த டெட் குரூஸ் 2016-ல் இதே கேள்வியைச் சந்தித்தார். ஹவாயில் பிறந்த ஒபாமாவோ 2011-ல் முழுப் பிறப்புச் சான்றிதழையும் வெளியிட வேண்டியதாயிற்று. 2020-ல் துணை அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸின் முறை வந்தது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனுக்கும் ஜமைக்காவில் பிறந்த தந்தைக்கும் 1964-ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர் அவர். பெற்றோரும் குடிமக்களாக இருந்தாக வேண்டும் என்றார்கள் எதிர்த்தவர்கள். இது சட்ட வாதமே அல்ல, நிறத்தையும் பெயரையும் பார்த்து எழுந்த வெறுப்பு. 1881-ல் அதிபரான செஸ்டர் ஆர்தர் பிறந்தபோது அவருடைய தந்தை அயர்லாந்திலிருந்து வந்த அந்நியர்தான். அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 1843-ல். அமெரிக்க மண்ணில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் பிறப்பிலேயே குடிமகன் என்று 1898-ல் உச்ச நீதிமன்றம் 14-வது திருத்தத்தைக் காட்டித் தீர்ப்பளித்தும் ஆயிற்று.

அந்தத் தீர்ப்பின் மேல்தான் 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் கைவைத்தார். பெற்றோரில் ஒருவர்கூடக் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால், எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அவருடைய ஆணை. கீழ் நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களின் கவலை பெரும்பாலும் பாஸ்போர்ட்டோடு நின்றுவிடுகிறது. இழப்பு அதைவிடப் பெரிது. இத்தகைய ஆணையால் பிறப்பில் குடியுரிமை மறுக்கப்படும் குழந்தை 20 வயதில் குடியுரிமை பெறலாம், செனட்டராகலாம், ஆளுநராகலாம். ஆனால் அதிபராக ஆகவே முடியாது.

இந்தியாவில் இப்படி இல்லை. அரசமைப்பின் 58-வது பிரிவு குடியரசுத் தலைவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கே பிறந்தார் என்று கேட்பதில்லை. பிரிவினையின் ரத்தம் காயாத நாளில் எழுதியவர்களுக்கே அந்த நம்பிக்கை இருந்தது. 2004-ல் சோனியா காந்தி பிரதமராவதற்கு எதிராகக் கூச்சல் எழுந்தபோதும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

அமெரிக்க விதியை நீக்குவதே நேர்மையான தீர்வு. 20 ஆண்டு குடிமகனாக இருந்தால் போதும் என்று 2003-ல் செனட்டர் ஆரின் ஹாட்ச் கொண்டுவந்த திருத்தம் வாக்கெடுப்புவரைகூடப் போகவில்லை. நீக்க வேண்டுமானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் 38 மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. அதுவரை, பிறந்த கணத்திலேயே குடியுரிமை உள்ளவர் எவரும் தகுதியுடையவரே என்று காங்கிரஸ் ஒரு வரிச் சட்டம் இயற்றலாம். கடல் கடந்து பிறந்த குடிமக்களின் பிள்ளைகளைப் பற்றி 1790-ல் முதல் காங்கிரஸ் அப்படித்தான் எழுதியது; 1795-ல் மாற்றிய சட்டத்தில் ‘பிறப்பால்’ என்ற சொல் விடுபட்டது.