‘ஜே ஒண்ணு போடு’ வைத்தியம்

“ஜே எட்டு போட்டா உடையுது சார், ஜே ஒண்ணு போட்டா ஓடுது. அதனால ஜே ஒண்ணுன்னே போட்டுட்டோம்.”

மென்பொருள் கம்பெனிகளில் இந்தப் பதிலை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், அந்தத் துறையில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் வந்தால் இதையேதான் பெருமையாகச் சொல்கிறார்கள். இதற்குப் பெயர் சரிசெய்வது இல்லை என்று அவர்களோடு வாதாடி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்காவது பிள்ளையோ மருமகளோ இந்த வேலையில் இருப்பார்கள். அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். பெரிய மென்பொருள் என்பது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கம்பைல் செய்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து லிங்க் செய்ய வேண்டும். மொத்த வேலைக்கும் பில்ட் என்று பெயர். எதைச் செய்ய எது வேண்டும் என்ற பட்டியலை மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைப்பார்கள். அதைப் படித்து வேலை வாங்கும் மேஸ்திரிதான் மேக் என்ற நிரல். அதனிடம் ‘ஜே 8’ என்று சொன்னால் எட்டு வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தும். ‘ஜே 1’ என்றால் ஒரே ஆள். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

ஒரே ஒரு சமையல்காரர் இருக்கிற வீட்டில், பருப்பு வெந்த பிறகுதான் சாம்பாரைக் கூட்ட வேண்டும் என்று யாரும் சீட்டில் எழுதி ஒட்டுவதில்லை. அவர் கைப்பழக்கத்தில் அது நடந்துவிடும். கல்யாணத்துக்கு எட்டுக் கையாட்களை வைத்துக்கொண்டு, அதே சீட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவன் பருப்பு அடுப்பில் இருக்கும்போதே புளியைக் கரைத்து ஊற்றிவிடுவான். அதற்காக எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரே ஆளை வைத்து ஆயிரம் பேருக்குச் சமைப்போம் என்று எந்த மடையனாவது சொல்வானா? நம் கம்பெனிகளில் சொல்கிறார்கள். பதினாறு கோர் மிஷினை வாங்கி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

ஒரு பழைய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பைசன் என்று ஒரு நிரல். இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால், பார்சர் என்ற சி கோப்பையும் அதற்கான ஹெடர் கோப்பையும் அதுவே எழுதித் தரும். அந்த ஹெடரை லெக்சர் என்ற இன்னொரு கோப்பு உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் மேக்ஃபைலில் ‘லெக்சருக்கு அந்த ஹெடர் வேண்டும்’ என்று எழுத மறந்துவிட்டார்கள். ஜே ஒன்றில் மேக் பட்டியலை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். பார்சர் முதலில் இருப்பதால் ஹெடர் பிறந்த பிறகுதான் லெக்சரின் முறை வரும். வருஷக் கணக்கில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஜே எட்டு போட்ட அன்று, பைசன் எழுதி முடிக்கும் முன்பே லெக்சரைக் கம்பைல் செய்யத் தொடங்கிவிடும். ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று பில்ட் நிற்கும். மறுபடி ஓட்டினால் ஹெடர் ஏற்கெனவே வந்திருக்கும், ஓடிவிடும். உடனே “மிஷின் மக்கர் பண்ணுது” என்று தீர்ப்பு. சிலர் நடுவில் ‘ஸ்லீப் 5’ என்று ஒரு வரி போட்டு ஐந்து விநாடி தூங்கவைப்பார்கள். சிலர் பில்டை மூன்று தரம் தானாக ஓடவைத்து, ஒரு தரம் தேறினால் போதும் என்பார்கள். பெரும்பாலோர் ஜே ஒன்று.

நேரம் வீணாகிறது என்பது எனக்குச் சின்ன விஷயம். என் கோபம் வேறு. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி, ஜே ஒன்றிலும் தவறுதான். பைசன் ஒவ்வொரு டோக்கனுக்கும் 258-லிருந்து எண் கொடுக்கும். நடுவில் ஒரு புது டோக்கனைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஓர் எண் தள்ளிப்போகும். பார்சர் புது எண்ணோடு கம்பைல் ஆகும். லெக்சருக்கு ஹெடர் தேவை என்று மேக்குக்குத் தெரியாதே! லெக்சரைத் தொடாது. அது பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒன்று கூட்டல் என்று சொல்ல, மற்றது கழித்தல் என்று எடுத்துக்கொள்ளும். பில்டோ ‘வெற்றி’ என்று முடிந்திருக்கும். ஜே எட்டில் உடைவது கூச்சல் போடுகிற நோய். ஜே ஒன்று போட்டு அந்தக் கூச்சலை அடக்கிவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே அரிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேக் பிறந்ததே இந்தக் கோளாறினால்தான். 1976-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில், யாக் என்ற நிரலை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே திருத்திவிட்ட ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை முழுவதும் தொலைத்தார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய விட்டுப்போயிருந்தது. அந்த எரிச்சலில் சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனிடம் போய்ப் புலம்ப, ஃபெல்ட்மேன் எழுதியதுதான் மேக். அந்தப் பைசன்கூட யாக்கின் வழித்தோன்றல்தான். ஐம்பது வருஷமாகிவிட்டது. மேக்கை வைத்துக்கொண்டே ஜான்சனின் நிலைமைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், வாடிக்கையாளருக்குப் போன ஒரு திருத்தத்தில் தொகைகள் தாறுமாறாக வந்தன. ஒரு ஹெடரில் புதிதாக ஒரு புலம் சேர்த்திருந்தார்கள். அதைப் பயன்படுத்தும் ஒரு கோப்பு மட்டும் மறுபடி கம்பைல் ஆகவில்லை. மேக்ஃபைலில் அந்த உறவு எழுதப்படவே இல்லை. மாட்டியது யார்? அந்தப் புலத்தைச் சேர்த்த, வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன பையன். “ஏம்ப்பா, கிளீன் பண்ணிட்டு பில்ட் பண்ண மாட்டியா?” என்று கூட்டத்தில் வைத்துக் கேட்டார்கள். ‘கிளீன் பண்ணு’ என்பதும் ‘ஜே ஒண்ணு போடு’ என்பதும் ஒட்டிப் பிறந்தவை. மேக்ஃபைல் எழுதிய பெரியவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பையன் அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

நம் ஊர்க் கம்பெனிகள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜென்டூ லினக்ஸின் பொதிகளுக்கான குறிப்புக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். ‘ஜே 1’ என்று ஒட்டுப்போட்டவை பல கிடைக்கும். அவர்களையாவது மன்னிக்கலாம். ஊரார் எழுதிய மென்பொருளை விநியோகிக்கிறவர்கள், பல இடங்களில் பக்கத்திலேயே காரணத்தையும் குறித்து வைக்கிறார்கள். சொந்த வீட்டுக் கூரை ஒழுகும்போது வாளியை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்களை எப்படி மன்னிப்பது?

வைத்தியம் கஷ்டமானதும் இல்லை. பெரும்பாலும் ஒரே வரி. லெக்சருக்கு எதிரே அந்த ஹெடரின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். “ஜிசிசி தானே கண்டுபிடிச்சுக்கும் சார்” என்று ஒரு பதில் தயாராக இருக்கும். எம்எம்டி என்ற விருப்பத்தைக் கொடுத்தால், எந்தக் கோப்பு எந்த ஹெடரைப் படித்தது என்று ஜிசிசி எழுதி வைக்கும் என்பது உண்மை. ஆனால் அது கம்பைல் ஆகும்போது உண்டாகும் பட்டியல். முதல் தடவை ஓட்டும்போது, இன்னும் பிறக்காத ஹெடருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. கையால் எழுதத்தான் வேண்டும். பைசனைப் போல ஒரே ஓட்டத்தில் இரண்டு கோப்புகள் தரும் நிரல்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இரண்டு பெயரையும் சாதாரணமாக ஒரே விதியில் எழுதினால், மேக் அதை இரண்டு தனி விதிகளாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஜே எட்டில் பைசன் இரண்டு தரம் ஓடி, ஒன்று எழுதிக்கொண்டிருப்பதை மற்றது அழிக்கும். 2020-ல் வந்த குனு மேக் 4.3-லிருந்து, கோலனுக்கு முன்னால் ஓர் ஆம்பர்சேண்ட் போட்டால் ‘இரண்டும் சேர்ந்தே பிறப்பவை’ என்று அதற்குப் புரியும்.

கோப்புறைக்குக் கோப்புறை தனி மேக்ஃபைல் வைத்து, ஒரு மேக் இன்னொரு மேக்கைக் கூப்பிடும் ஏற்பாடு இருக்கிறதே, அதில்தான் ஒரு வரி போதாது. எந்த மேக்குக்கும் முழுப் படம் தெரியாது. ஆஸ்திரேலியாவின் பீட்டர் மில்லர் இது தீங்கு என்று 1998-லேயே ஒரு கட்டுரை எழுதி, எல்லா உறவுகளும் ஒரே மேக்கின் கண்ணில் பட வேண்டும் என்று விளக்கினார். படித்தவர்கள் நிறைய. மாற்றியவர்கள் குறைவு.

“இருபது வருஷத்துக் கோடு சார், விட்டுப்போன வரியெல்லாம் எங்க இருக்குன்னு யார் தேடறது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். 2022-ல் வந்த குனு மேக் 4.4-ல் ஷஃபிள் என்று ஒரு விருப்பம் சேர்த்திருக்கிறார்கள். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல, பட்டியலின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு ஓட்டும். வரிசையின் தயவில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் வெளியே வரத் தொடங்கும். ஜே ஒன்றிலேயே வரும் என்பதுதான் அழகு. உடைந்தால், எந்த எண்ணை வைத்துக் கலைத்தது என்றும் சொல்லும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசையில் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். “மறுபடி ஓட்டினா வரலையே” என்ற சாக்குக்கு அதோடு வழியில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில் அந்த மிஷின் சும்மாதானே கிடக்கிறது? தினம் ஒரு தரம் கலைத்து ஓட்டிவிட்டு, காலையில் வந்து உடைந்த இடத்தில் விட்டுப்போன வரியை எழுதட்டும். எழுதிய கையோடு ஜே ஒன்று என்று போட்ட இடத்தையும் அழிக்கட்டும்.