வாக்குறுதியை மீறினால் ஏன் யாருக்கும் தண்டனை இல்லை? பாலாறு சொல்லும் பதில்

நூறு ரூபாய் செக் பவுன்ஸ் ஆனாலே கேஸ் போடலாம். ஆனா ஒரு கட்சி தேர்தல் அறிக்கையில அச்சடிச்சுக் கொடுத்த வாக்குறுதி பவுன்ஸ் ஆனா? எந்த கோர்ட்டிலும் கேட்க முடியாது. ஏன் இப்படி? இதை மாத்த வழி இருக்கா? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பகுதியை வைத்தே பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

2006 தேர்தலில் தி.மு.க. இலவச கலர் டி.வி. தருவதாகச் சொன்னது. 2011-ல் அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் தருவதாகச் சொன்னது. இதெல்லாம் வாக்காளருக்குக் கொடுக்கும் லஞ்சம் இல்லையா என்று கேட்டுத்தான் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவு தனிப்பட்ட வேட்பாளர் செய்யும் முறைகேட்டைப் பற்றியது. கட்சி வெளியிடும் தேர்தல் அறிக்கை அதில் வராது என்றது நீதிமன்றம். கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது.

2014-ல் அந்த நெறிமுறை வந்தது. வாக்குறுதிக்கான காரணம் என்ன, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கட்சிகள் பொதுவாகவாவது சொல்ல வேண்டும். நிறைவேற்றக்கூடியதை மட்டுமே சொல்ல வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நடத்தை நெறிமுறைக்குத் தனிச் சட்ட பலம் கிடையாது. மீறினால் பெரும்பாலும் நோட்டீஸ், விளக்கம், எச்சரிக்கை. அதோட சரி.

வாக்குறுதி எப்படி உடையுது?

எல்லா மீறலும் ஒரே ரகம் இல்லை. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தன் கையில் இல்லாத அதிகாரத்தை வைத்து வாக்குக் கொடுப்பது. 2021-ல் தி.மு.க. நீட் தேர்வை ரத்து செய்வோம் என்றது. சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது. ஆனால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாமல் அது செல்லாது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை முதல்வர் ஸ்டாலினே 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். முயற்சி செய்தது உண்மை. ஆனால் 'முயற்சி செய்வோம்' என்பதும் 'செய்வோம்' என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது, பாதியில் நிற்பது. 2016-ல் அ.தி.மு.க. படிப்படியாக மதுவிலக்கு என்றது. அந்த ஆண்டு 500 டாஸ்மாக் கடைகள், 2017-ல் இன்னொரு 500 கடைகள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு படிகளைக் காணோம்.

மூன்றாவது, சின்ன எழுத்து நிபந்தனை. தேர்தல் நேரத்தில் 'குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய்'. 2023 செப்டம்பர் 15-ல் திட்டம் தொடங்கியபோது 'தகுதியுள்ள' குடும்பத் தலைவி. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போய்ச் சேருகிறது. அது பெரிய விஷயம், மறுக்க முடியாது. ஆனால் 'தகுதி' என்ற அந்த ஒரு வார்த்தை பிரச்சாரத்தின்போதே காதில் விழுந்திருக்க வேண்டும்.

இதில் மாநிலக் கட்சி, தேசியக் கட்சி என்ற வித்தியாசம் இல்லை. 2022-க்குள் விவசாயி வருமானம் இரட்டிப்பாகும் என்று மத்திய பா.ஜ.க. அரசு சொன்ன கெடுவும் கடந்து போய்விட்டது.

பாலாறு ஏன் தனிக் கதை?

பாலாறு விஷயத்தில் வாக்குறுதி மட்டும் இல்லை, தீர்ப்பே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் படிக்கிறார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதாக ஓர் ஆய்வை அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

பிறகு இழப்பீட்டை நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைந்தது. 2001-ல் அது 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளம் கண்டு, சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. கிணறு உப்பாகி, நிலம் போன குடும்பத்துக்கு.

அதுகூட எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, பிறகு தோல் ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஆற்றை மீட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே 2001, 2006, 2011, 2016, 2021 என்று ஐந்து சட்டமன்றத் தேர்தல்கள். இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. ஆக, ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

எது சொல்லப்படுவதில்லை?

'பாலாற்றை மீட்போம்' என்று மேடையில் சொல்வது சுலபம். அடுத்த வரிதான் கஷ்டம். தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். பதனிட குரோமியம் தேவை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைப் பிரித்து மீட்கலாம், ஆனால் உப்பு மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது? செலவு யாருடையது? பெரிய ஏற்றுமதி நிறுவனம் தாங்கும், சின்ன ஆலை தாங்குமா? 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் இறந்தார்கள். கழிவைத் தேக்கிவைப்பதே ஓர் ஆபத்து என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு பக்கம், ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குக் காலையில் பஸ் ஏறும் பெண்களின் சம்பளத்தில் ஓடும் வீடுகள் ஏராளம். ஒரே வீட்டில் மகளுக்கு ஆலை வேலை, அப்பாவுக்கு உப்பேறிய நிலம். இருவரும் வாக்காளர்கள். மகளிடம் 'ஆலையைக் காப்போம்', அப்பாவிடம் 'ஆற்றைக் காப்போம்' என்று தனித்தனியாகச் சொல்வதுதான் நடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற இவ்வளவு பணம், இத்தனை வருஷம் ஆகும், இன்னாருக்கு இவ்வளவு கஷ்டம் இருக்கும் என்று ஒரே மேடையில் சொல்வதற்குப் பெயர்தான் நேர்மை. அதைச் சொன்னால் ஓட்டு குறையும் என்ற பயம். ஆறு மீள ஐந்து வருஷம் போதாது, பதவிக்காலமோ ஐந்து வருஷம்தான்.

காசு எங்கே நுழைகிறது?

2019 மக்களவைத் தேர்தலில் வேலூர் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவு ரத்தானது நினைவிருக்கும். தி.மு.க. பிரமுகர் ஒருவருடன் தொடர்புடைய இடத்தில் சுமார் 11 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியதைத் தொடர்ந்து ஏப்ரல் 16-ல் ரத்து உத்தரவு வந்தது. பணப் புகாரால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ஆகஸ்ட் 5-ல் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

'காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுறாங்க' என்று மக்களைத் திட்டுவது சுலபம். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். கையில காசு, வாயில தோசை. நாளைக்கு வரப்போவதாகச் சொல்லும் எதுவும் வந்ததில்லை என்று அனுபவத்தில் தெரிந்தவர், இன்றைக்கு வருவதை வாங்கிக்கொள்கிறார். அது சரி என்று சொல்லவில்லை. ஆனால் உடைந்த வாக்குறுதிகள்தான் அந்தக் கவருக்கு மார்க்கெட் உண்டாக்குகின்றன.

நாம என்ன செய்யலாம்?

ஒரு சின்ன வழி ஏற்கெனவே இருக்கிறது. சட்டமன்றத்தில் 'அரசு உறுதிமொழிக் குழு' என்று ஒன்று உண்டு. அவையில் அமைச்சர் 'செய்கிறோம்' என்று சொன்னால், அது நடந்ததா என்று பின்தொடர்வதுதான் அதன் வேலை. மேடையில் சொன்னதை இந்தக் குழு கேட்காது, அவையில் சொன்னதைக் கேட்கும். ஆகவே உங்கள் எம்.எல்.ஏ.விடம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான்: தேர்தல் அறிக்கையில் இருக்கும் இந்த வரியைச் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்புங்கள், அமைச்சரின் பதிலைப் பதிவில் ஏற்றுங்கள். அதன் பிறகு, எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நாலே கேள்வி போதும். இதைச் செய்யும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கா? எவ்வளவு செலவு, யார் தருவாங்க? எந்த வருஷத்துக்குள்ள? இதனால யாருக்கு நஷ்டம்?

நாலாவது கேள்விக்குப் 'யாருக்கும் இல்லை' என்று பதில் வந்தால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். பாலாற்றைப் பொறுத்தவரை அந்தப் பதிலை நம்பியதால்தான், நஷ்டம் முழுவதையும் கிணற்றுத் தண்ணீர் உப்பானவர்கள் தலையில் கட்டினோம்.