விம்பிள்டனில் நம் ஊர்ப் பிள்ளை எப்போது?



ஜூன் மாதக் கடைசியில் நம் நீலகிரியில் மழை பிடித்துக் கொள்ளும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம். குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போவதே பெரிய பாடு. அதே நாட்களில்தான் லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி தொடங்கும். 'இந்த வருடமாவது இங்கிலாந்துக்காரர் ஜெயிப்பாரா?' என்று அங்கே ஒரே விவாதமாக இருக்கும். நம் பத்திரிகைகளிலும் அந்தப் பேச்சு வரும்.

எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டத்தில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். மொத்தம் 256 பேர். 2025 ஆம் ஆண்டு அந்த 256 பேரில் இந்தியர் ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டிலிருந்து ஆண்கள் ஒற்றையரில் ஆடப் போனவர் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். அது 2019 இல். முதல் சுற்றிலேயே கனடாவின் ரயோனிச்சிடம் தோற்றார். ஏன் இப்படி?

"டென்னிஸ் வெள்ளைக்காரர் ஆட்டம், நமக்கு வராது" என்று சிலர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு ராமநாதன் கிருஷ்ணனைத் தெரியாது என்று அர்த்தம்!

கிருஷ்ணன் 1937 இல் நாகர்கோவிலில் பிறந்தவர். அவருக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அப்பா டி.கே. ராமநாதன். பள்ளிப் பிள்ளையாக இருக்கும்போதே, கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் நடந்த ஒரு போட்டியில் ஆட சென்னை லயோலா கல்லூரி முதல்வரிடம் சிறப்பு அனுமதி வாங்கினார். 1951 இல் அந்த அண்ணன்மார்களை எல்லாம் தோற்கடித்துக் கோப்பையையும் வாங்கிவிட்டார். 1953 இல் விம்பிள்டன் சிறுவர் பிரிவில் இறுதிப் போட்டி வரை போய், இங்கிலாந்தின் பில்லி நைட்டிடம் தோற்றார். சும்மா விடுவாரா? மறு வருடமே திரும்பிப் போய்ப் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

பெரியவர்கள் பிரிவில் 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் அரை இறுதி வரை வந்தார். ஒரு முறை நீல் ஃப்ரேசரிடமும், மறு முறை ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியவர்கள் அந்த இருவரும்தான். 1962 இல் அவருக்கு நான்காவது இடம் கொடுத்து வரிசைப்படுத்தினார்கள். பாவம், கணுக்காலில் அடிபட்டுப் பாதியில் விலக வேண்டியதாயிற்று. கிருஷ்ணனிடம் இடி மாதிரி அடிக்கும் சர்வீஸ் கிடையாது. பந்தை மெல்லத் தொட்டு, எதிராளி இல்லாத இடமாகப் பார்த்து அனுப்புவார். 'எனக்குப் பலம் போதாது' என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

அடுத்து வந்தவர் விஜய் அமிர்தராஜ். சிறு வயதில் அடிக்கடி உடம்புக்கு வந்து படுத்துக்கொள்ளும் பையன். அவருடைய அம்மா மேகி ஒரு பக்கம் அட்டைப்பெட்டித் தொழிலை நடத்திக்கொண்டே, மறு பக்கம் ஆனந்த், விஜய், அசோக் என்று மூன்று மகன்களையும் டென்னிஸ் ஆட வைத்தார். 1973 இலும் 1981 இலும் விஜய் விம்பிள்டன் கால் இறுதியில் ஆடினார். 1981 இல் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் வென்றுவிட்டு, அடுத்த மூன்றையும் கோட்டைவிட்டார். கிருஷ்ணனின் மகன் ரமேஷும் சளைத்தவர் இல்லை. அப்பா வென்ற அதே சிறுவர் பட்டத்தை 1979 இல் வென்றார். 1986 இல் விம்பிள்டன் கால் இறுதி, 1987 இல் அமெரிக்க ஓபன் கால் இறுதி. நான்கு பெரிய போட்டிகளில் எதிலும், அதற்குப் பிறகு எந்த இந்தியரும் ஒற்றையர் கால் இறுதியைப் பார்க்கவில்லை.

பெண் பிள்ளைகளும் பக்கத்து ஊரிலேயே ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் வென்றார். 'ஓபன்' காலத்தில் பெரிய போட்டி ஒன்றின் முதன்மைச் சுற்றில் ஓர் ஒற்றையர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். சானியா மிர்சா வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே!

ஆக, நமக்கு வராத ஆட்டம் இல்லை. பிறகு எங்கே சிக்கல்?

இங்கிலாந்தையே பாருங்கள். டென்னிஸை அவர்கள்தான் உலகத்துக்குக் கொடுத்தார்கள். 1877 இலிருந்து விம்பிள்டன் நடக்கிறது. அதில் வரும் லாபம் அந்நாட்டு டென்னிஸ் சங்கத்துக்குப் போகிறது. பணத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்படியும் 1936 இல் ஃப்ரெட் பெர்ரி வென்ற பிறகு, அங்கே ஆண்கள் பட்டத்தை இன்னொரு பிரிட்டிஷ்காரர் வெல்ல 2013 வரை காத்திருந்தார்கள். 77 வருடம்! நடுவில் டிம் ஹென்மன் என்று ஒருவர் நான்கு முறை அரை இறுதிக்கு வந்து நான்கு முறையும் தோற்றார். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் தலையில் ஒரு நாட்டையே ஏற்றி வைத்தார்கள். மனிதர் பாவம்.

காத்திருப்பை முடித்து வைத்த ஆண்டி மரே எங்கிருந்து வந்தார் தெரியுமா? லண்டனிலிருந்து இல்லை. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சின்ன ஊர். ஏறக்குறைய நம் மலை மாதிரியே குளிர், மழை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஊர் விளையாட்டுச் சங்கத்தின் கோர்ட் இருந்தது. அம்மா ஜூடிக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கத் தெரியும். கொஞ்ச தூரத்தில் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் கூரை போட்ட கோர்ட்டுகள் இருந்தன, மழையிலும் ஆடலாம். பதினைந்து வயதில் பயிற்சிக்காகப் பார்சிலோனா போனார். அண்ணன் ஜேமி மரேயும் சாதாரண ஆள் இல்லை. விம்பிள்டன் கலப்பு இரட்டையர் பட்டத்தை இரண்டு முறை வென்றவர்.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். வெள்ளைக்காரர் காலத்திலேயே இங்கே கிளப்புகளும் டென்னிஸ் கோர்ட்டுகளும் வந்துவிட்டன. துரைமார் ஆடுவார்கள், நம் தாத்தாக்கள் பந்து பொறுக்கிக் கொடுப்பார்கள். கோர்ட்டைக் கூட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டதும் நம் ஆட்கள்தான். துரைமார் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் எஸ்டேட் லயத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு டென்னிஸ் கோர்ட் என்பது இன்றைக்கும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற இடமாகத்தான் இருக்கிறது. உறுப்பினர் பிள்ளைகள் ஆடலாம், பெரிய உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் ஆடலாம். மற்றவர்களுக்கு? காலை வேளையில் காலியாகக் கிடக்கும் கோர்ட்டை வாரத்தில் இரண்டு நாள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் கிளப்புகளுக்கு என்ன குறைந்துவிடும்? பள்ளியிலாவது ஆடலாம் என்றால், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். (திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை!)

மலையில் டென்னிஸ் ஆடுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்று மெலிதாக இருப்பதால் பந்தைத் தடுப்பது குறைவு. சென்னையில் கோட்டுக்குள் விழும் பந்து இங்கே கோட்டைத் தாண்டிப் பறக்கும், உயரமாகவும் எழும்பும். 1,219 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்களுக்கென்றே தனி வகைப் பந்து வைத்திருக்கிறார்கள். குன்னூர், கோத்தகிரி எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். இந்தக் காற்றில் பந்தைக் கோட்டுக்குள் வைக்கப் பழகியவனுக்குக் கை நிதானம் தானாக வரும் என்பது என் கட்சி. பூப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு ஏற்கெனவே பழகியிருக்கும்.

மலையிலிருந்து யாரும் வந்ததில்லையா என்றால், வந்திருக்கிறார். வயநாட்டைத் தாண்டினால் குடகு. அங்கே காபித் தோட்டக்காரரின் மகன் ரோஹன் போபண்ணா. 2024 இல் 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்று, இரட்டையரில் உலகின் முதல் இடத்தையும் பிடித்தார். அத்தனை வயதில் அந்த இடத்துக்கு முதன்முறையாக வந்தவர் வேறு யாரும் இல்லை. 2025 நவம்பரில் ஓய்வு பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு ஜோடியாக ஆடிய ஸ்ரீராம் பாலாஜி, மேட்டுப்பாளையம் இறங்கினால் வரும் நம் கோயம்புத்தூர்க்காரர்!

கோர்ட் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 இல் எம்மா ராடுகானு என்ற பதினெட்டு வயதுப் பெண் உலகத் தரவரிசையில் 338 ஆவது இடத்தில் இருந்தார். அந்த இடத்தை வைத்து விம்பிள்டன் முதன்மைச் சுற்றுக்குள் நேராக நுழையவே முடியாது. ஆனால் சொந்த நாட்டுப் போட்டி என்பதால் அவருக்கு 'வைல்டு கார்டு' என்ற சிறப்பு அனுமதி கிடைத்தது. நான்காவது சுற்று வரை போனார். இரண்டே மாதத்தில், அமெரிக்க ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி, வரிசையாகப் பத்து ஆட்டம், ஒரு செட்கூடத் தோற்காமல் சாம்பியன்!

நமக்கும் அப்படி ஒரு கதவு இருந்தது. 1997 முதல் 2017 வரை ஒவ்வொரு வருடமும் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்கள் உலகப் போட்டி நடந்தது. 2009 இல் அதே வைல்டு கார்டில் ஆட வந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிப் போட்டி வரை போனார். 2018 இல் அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. 2023 ஜனவரிக்குப் பிறகு அங்கும் நடக்கவில்லை. நம் பிள்ளை இன்றைக்கு 338 ஆவது இடத்தில் இருந்தால், அவரைக் கூப்பிட்டு ஆடச் சொல்ல அந்தத் தரத்தில் உள்ளூர்ப் போட்டி வேண்டாமா? சென்னையின் ராம்குமார் ராமநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 இல் உலகின் எட்டாம் இடத்தில் இருந்த டொமினிக் தீமைப் புல் தரையில் வென்றவர். 2018 இல் அமெரிக்காவில் நியூபோர்ட் புல்தரைப் போட்டியில் இறுதி வரை போனவர். அவருமே பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் முட்டி முட்டிப் பார்த்துத் திரும்பியவர்தான். பெண்களுக்கான போட்டி 2022 இலும் 2025 இலும் சென்னையில் நடந்தது நல்ல செய்தி. அது ஒவ்வொரு வருடமும் நடக்க வேண்டும். ஆண்கள் போட்டியையும் அரசும் டென்னிஸ் சங்கமும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு நான் கேட்பது அதைவிடச் சின்னது. மழையில் சேறாகாத சிமென்ட் கோர்ட் இரண்டு, மேலே ஒரு தகரக் கூரை, சம்பளத்துக்கு ஒரு பயிற்சியாளர். பணம் கட்ட முடியாத பிள்ளையும் உள்ளே வரலாம் என்று வாசலில் ஒரு போர்டு.

சரி, இங்கிலாந்துக்காரர் ஜெயிப்பாரா என்ற கேள்விக்கு என் பதில்: ஜாக் டிரேப்பரின் உடம்பு ஒத்துழைத்தால் ஒரு நாள் நடக்கலாம். 2024 இல் அமெரிக்க ஓபன் அரை இறுதி, 2025 இல் இண்டியன் வெல்ஸ் பட்டம் என்று வந்தவர், கையில் காயம்பட்டு அந்த வருடக் கடைசியில் ஆடவே இல்லை. இரட்டையரில் அவர்களுக்குக் கவலையில்லை. 2025 விம்பிள்டன் கோப்பையே ஜூலியன் கேஷ், லாயிட் கிளாஸ்பூல் என்ற பிரிட்டிஷ் ஜோடிக்குத்தான்.

ஜூன் கடைசியில் விம்பிள்டன் ஆட்டக்காரர் பட்டியல் வெளியாகும். கிடைத்தால் எடுத்து வைத்துக்கொண்டு, பிரிட்டன்காரர்கள் எத்தனை பேர், அவர்களில் வைல்டு கார்டில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இந்தியா என்று போட்டிருக்கும் பெயர்களையும் எண்ணுங்கள். இரட்டையர் பட்டியலைப் பார்க்க மறக்காதீர்கள்.