‘ஐபி68’ என்ற சொல்லின் பொருள்

ஸ்ரீவராகத்தில் நான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து வலியதுறைக் கடற்கரை அதிகத் தொலைவில் இல்லை. அங்கே களப்பணியில் மீனவர் பேச்சைப் பதிவுசெய்துவந்த என் கைப்பேசி, பருவமழையில் ஒருநாள் நனைந்து செயலிழந்தது. இரண்டு வாரப் பதிவுகள் போயின. ‘ஐபி68’ முத்திரை பெற்ற கருவி அது. நீர்ச் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்றார்கள்.

மொழியியல் பயின்ற பழக்கத்தால் அம்முத்திரையை ஒரு சொல்லாகப் பிரித்து வாசித்தேன். ஐஇசி 60529 தரநிலையில் 6 என்பது தூசு அறவே புகாமை. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்ற வரையறை உண்டு. 8-க்கோ, தயாரிப்பாளரும் பயனரும் உடன்பட்ட நிபந்தனை. அது 7-ஐவிடக் கடுமையாக இருந்தால் போதும். நான் எதற்கும் உடன்பட்டதாக நினைவில்லை. சோதிக்கப்படுவது புதிய கருவி, சோதனை நன்னீரில். உப்புக்காற்றும் வியர்வையும் ஈராண்டுத் தேய்மானமும் அச்சொல்லின் பொருளுக்குள் அடங்குவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், 800 மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின்னும் மின்கலம் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைக் காக்க வேண்டும் என்கிறது. அது பயன்பாட்டை அளக்கும் சோதனை. இந்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2024-இல் பழுதுநீக்கக் குறியீட்டுக்குக் குழு அமைத்தது. பழையதாகிய கருவி நம் கடற்கரையில் எவ்வளவு தாங்கும் என்பதும் அளக்கப்பட வேண்டும்.

அதுவரை, களத்துக்குச் செல்லும் நண்பர்களே, முத்திரையை நம்பாதீர்கள். அன்றைய பதிவை அன்று மாலையே படியெடுத்து வையுங்கள்.